கோதுமையும் பாலும் ஒவ்வாத சிறு குழந்தைக்கு உணவூட்டும் முறை

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழும் ஒரு குழந்தைக்குப் பால்கோவா கூடாது என்று சொல்வது எளிதன்று. இராஜபாளையத்தில் மாலை வேளையில் பரோட்டாக் கடையைக் கடந்து குழந்தையை அழைத்துச் செல்வதும் எளிதன்று. ஆயினும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் சிலரிடம் இவ்விரண்டையும் நாங்கள் சொல்ல நேர்கிறது. எதை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது, நிறுத்தியதற்கு ஈடாக எதைத் தர வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரையில் விடை கூறுகிறோம்.

மூன்றும் ஒன்றல்ல

“சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை” என்னும் ஒரே சொல்லால் வேறுபட்ட மூன்று நிலைகளை நாம் குறிப்பிடுகிறோம்.

முதலாவது உணவு ஒவ்வாமை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் பால், முட்டை, கோதுமை போன்றவற்றின் புரதத்தைப் பகையாகக் கருதுவதால் இது உண்டாகிறது. தடிப்பு, முகவீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவை உண்ட சிறிது நேரத்திலேயே தோன்றலாம். பால் புரத ஒவ்வாமை உள்ள கைக்குழந்தைக்கு மலத்தில் இரத்தம் காணப்படுவதும் உண்டு.

இரண்டாவது உணவு ஏற்பின்மை. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலில் குறையும்போது வயிற்று உப்புசமும் புளித்த நாற்றமுடைய நீர்த்த மலமும் ஏற்படுகின்றன. சிறு குழந்தைகளிடம் இது பெரும்பாலும் தற்காலிகமானது. கடுமையான வயிற்றுப்போக்கினாலோ வேறு நோயாலோ குடலின் உட்புறம் புண்பட்டபோது தோன்றி, அது ஆறியதும் மறைந்துவிடும்.

மூன்றாவது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறுகுடலின் உறிஞ்சிகளைச் சிதைக்கிறது. அதனால் குழந்தை உண்டும் உடல் தேறுவதில்லை. எடை ஏறாமை, வயிறு உப்பிக் கைகால் மெலிதல், நீடித்த வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், மருந்துக்குக் கட்டுப்படாத இரத்தசோகை, எரிச்சல் ஆகியவை இதன் அடையாளங்கள். இந்நோய் இல்லாமலே கோதுமை உண்டால் வயிற்றுத் தொல்லை அடைவோரும் உண்டு. அதைக் குளூட்டன் உணர்திறன் என்பர். அதனை உறுதிசெய்யத் தனிச்சோதனை இல்லை. மற்ற இரண்டையும் விலக்கிய பின்னரே அம்முடிவுக்கு வர இயலும்.

பஞ்சம் கற்பித்த பாடம்

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் டிக்கே என்னும் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் ரொட்டி கிடைக்காத பஞ்சம் நிலவியது. ஊரே பட்டினியால் வாடியபோது இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி மீண்டும் வந்தபோது அவர்கள் மீண்டும் நலிந்தனர். அவர் தம் ஆய்வினை 1950இல் வெளியிட்டார். இன்றளவும் இந்நோய்க்கு உணவே மருந்து.

சீலியாக் நோய் வட இந்தியாவில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்குக் காணப்படுகிறது. அரியானா, அசாம், வேலூர் ஆகிய பகுதிகளில் நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வில், வேலூரில் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலேயே இது இருந்தது. மரபணு வாய்ப்பு மூன்று பகுதியினருக்கும் பெரிதும் வேறுபடவில்லை. உண்ணும் கோதுமையின் அளவுதான் வேறுபட்டது. ஆகவே நம் பகுதியில் இந்நோய் அரிது; ஆனால் இல்லாதது அன்று. காலையில் ரவை உப்புமா, மாலையில் பிஸ்கட், இரவில் சப்பாத்தி அல்லது பரோட்டா என்று நம் வீடுகளிலும் கோதுமை பெருகி வருவதை மறக்கலாகாது.

சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

பெற்றோர் செய்யும் பிழைகளுள் மிகுந்த தீங்கு தருவது இதுவே. அண்டை வீட்டார் சொன்னதைக் கேட்டுக் கோதுமையை நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்துக் குழந்தையை அழைத்து வருகின்றனர். அதற்குள் குருதியில் உள்ள அடையாளப் பொருள்கள் குறைந்துவிடுகின்றன. சோதனை நோயில்லை என்று பொய்யாகக் காட்டக்கூடும். குழந்தை வழக்கம்போல் கோதுமை உண்டுவரும் காலத்திலேயே டிடிஜி-ஐஜிஏ என்னும் குருதிச் சோதனையைச் செய்ய வேண்டும். மொத்த ஐஜிஏ அளவையும் உடன் பார்க்க வேண்டும். தேவைப்படின் உள்நோக்கிக் கருவி வழியே சிறுகுடலின் சிறு துணுக்கு எடுத்து ஆராயப்படும். நோய் உறுதியானால் குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டும். அத்தகைய முடிவை ஊகத்தின் மேல் கட்டலாகாது.

கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள்

ரவை, மைதா, சேமியா, சம்பா கோதுமை ரவை, ரொட்டி, பன், பிஸ்கட், கோதுமை அல்வா ஆகியவை வெளிப்படையானவை. கீழ்க்காண்பவற்றைப் பெற்றோர் எளிதில் தவறவிடுகின்றனர்.

1. பெருங்காயம்: கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா அல்லது கோதுமை மாவு கலப்பது வழக்கம். இட்லியும் சாதமும் மட்டுமே தருகிறோம் என்று உறுதியாகச் சொல்லும் வீட்டிலும் சாம்பார், இரசம் வழியாகக் குளூட்டன் நுழைகிறது.

2. மால்ட் கலந்த சத்துப் பானங்கள்: மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லியே.

3. கேழ்வரகு சேமியா: பெயரில் கேழ்வரகு இருப்பினும் பலவற்றில் கோதுமை மாவு சேர்ந்திருக்கும்.

4. சத்துமாவு: அங்கன்வாடியில் வழங்கப்பெறும் இணை உணவு மாவிலும், வீட்டில் பல தானியம் வறுத்து அரைக்கும் மாவிலும் கோதுமை இடம்பெறுகிறது.

5. மாவு மில்: முன்னர் அரைத்தவரின் கோதுமை மாவு இயந்திரத்தில் தங்கியிருக்கும். குழந்தைக்குரிய மாவை வீட்டு மிக்சியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்வது நல்லது.

6. பொதுவான தோசைக்கல்லும் எண்ணெயும்: சப்பாத்தி போட்ட கல்லில் வார்த்த தோசையும், சமோசா பொரித்த எண்ணெயில் பொரித்த வடையும் குழந்தைக்கு ஆகா.

பொட்டலத்தில் ‘குளூட்டன் அற்றது’ என்று அச்சிட, ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஒவ்வாமை அறிவிப்பில் கோதுமை அல்லது குளூட்டன் என்னும் சொல் உள்ளதா என்று படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

நம் மண்ணின் உணவே போதும்

இந்நோயுற்ற குழந்தைக்கு விலை உயர்ந்த தனி உணவுகள் தேவையில்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், குதிரைவாலி, தினை, சாமை, வரகு ஆகிய எவற்றிலும் குளூட்டன் இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, குழிப்பணியாரம், அடை, கம்பங்கூழ், கேழ்வரகுக் களி ஆகிய அனைத்தும் ஏற்றவை. நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த கடலை மிட்டாய் பிஸ்கட்டுக்கு மாற்றாகும். எனினும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக்கடலையோ கெட்டி மிட்டாயோ தர வேண்டாம், புரையேறும். பொடித்தே தர வேண்டும்.

கோதுமையற்ற சத்துமாவுக்கு ஓர் அளவு கூறுகிறோம். முளைகட்டி உலர்த்திய கேழ்வரகு இரண்டு பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு, பாசிப்பயறு ஒரு பங்கு, பொட்டுக்கடலை அரைப் பங்கு, நிலக்கடலை அரைப் பங்கு. இவற்றைத் தனித்தனியே வறுத்து, ஆறியபின் அரைத்து வைத்துக்கொள்க. கஞ்சியாகக் காய்ச்சி, வெல்லமும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது நெய்யும் சேர்த்துக் கரண்டியிலிருந்து ஒழுகாத பதத்தில் ஊட்டுக. பால் புரத ஒவ்வாமை இருப்பின் நெய்யைத் தவிர்த்து எண்ணெய் மட்டும் சேர்க்கவும். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமே அன்றி உடலை வளர்க்காது.

பால் பற்றி

சீலியாக் நோயால் குடல் புண்பட்ட குழந்தைக்குச் சில வாரங்கள் பாலும் ஒவ்வாது போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் குளூட்டன் இல்லை. பாலும் சர்க்கரையுமே அதன் சேர்மானம். ஆனால் பால் சுண்டச் சுண்ட லாக்டோஸும் செறிவடைவதால், குடல் ஆறும் வரை அதனைத் தள்ளி வைக்க வேண்டும். தயிரும் மோரும் பலருக்கு அதற்கு முன்னரே ஒத்துக்கொள்ளும். குடல் ஆறிய பின் பால்கோவாவும் சிறிது சிறிதாகத் திரும்பி வரலாம். இச்செய்தியைக் கேட்டு முகம் மலராத பாட்டிமாரை நாங்கள் கண்டதில்லை.

பால் புரத ஒவ்வாமை இருப்பின் நிலைமை வேறு. அப்போது தயிர், மோர், பால்கோவா, அக்காரவடிசில் எதுவும் கூடாது. பசும்பாலுக்கு மாற்றாக ஆட்டுப்பால் தருவதும் பயனற்றது. இரண்டின் புரதமும் ஏறத்தாழ ஒன்றே. தாய்ப்பாலை மட்டும் எந்நிலையிலும் தாமாக நிறுத்தலாகாது.

பாலை நிறுத்தும் காலத்தில் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவை துணைபுரியும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது.

வீட்டாரும் பள்ளியும்

பத்தியத்தைக் குலைப்பது பெரும்பாலும் பகையன்று, பாசமே. “ஒரே ஒரு பிஸ்கட்தானே” என்று கொடுக்கும் தாத்தாவுக்குக் குழந்தையின் குடலில் நிகழ்வதை யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். ஆகவே மருத்துவரைக் காண வரும்போது, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரையும் அழைத்து வாருங்கள். குற்றம் சாட்டுவதற்கன்று, அவரையே காவலராக்குவதற்கு.

அங்கன்வாடிப் பணியாளரிடம் மருத்துவரின் குறிப்பை எழுத்தாகக் கொடுங்கள். தொடக்கப் பள்ளிக்குச் செல்லும் குழந்தையாயின், காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவை உணவுகள் இடம்பெறுவதைக் கருத்தில் கொண்டு, அந்நாள்களில் வீட்டு உணவைக் கொடுத்தனுப்புங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

ஐயத்தின் பேரில் பால், கோதுமை, முட்டை, பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, இறுதியில் இரசஞ்சாதம் மட்டும் உண்ணும் குழந்தைகளையும் நாங்கள் காண்கிறோம். அவர்களின் மெலிவுக்கு நோயைவிடப் பத்தியமே பெரிய காரணமாகிவிடுகிறது. ஓர் உணவை நிறுத்தினால், அதன் இடத்தில் எதை வைப்பது என்பதையும் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். மாதந்தோறும் எடை பார்த்துத் தாய் சேய் நல அட்டையில் குறிக்கச் செய்யுங்கள். உண்டதையும் அதன்பின் நிகழ்ந்ததையும் இரு வாரங்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அக்குறிப்பு எங்களுக்குப் பேருதவி.

மலத்தில் இரத்தம், அடங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், குழந்தை துவளுதல் ஆகியவை தோன்றின் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். உண்டபின் முகமோ உதடோ வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் தாமதியாது 108ஐ அழையுங்கள்.

குளூட்டனை முறையாக விலக்கிய குழந்தைகள் பலர் சில வாரங்களிலேயே நன்கு பசித்து உண்ணத் தொடங்குகின்றனர். எடை மெல்ல ஏறுகிறது. “சோறு கேட்டு அழுகிறான்” என்று ஒரு தாய் சொல்லும் நாளே, பத்தியம் பலிக்கத் தொடங்கியதன் முதல் அறிகுறி.