ஊர்க்கதையைக் காணொளியில் காட்டும் ஆசிரியர்களுக்கு

காணொளி ஓடத் தொடங்கினால் வகுப்பு வாயடைத்துப் போகிறதா? இப்படிச் செய்து பாருங்கள்.

1. கதைப் பெயரோடு கலையின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்: ‘முத்துப்பட்டன் வில்லுப்பாட்டு’ என்பதுபோல. வெறுமனே ‘நாட்டுப்புறக் கதை’ என்றால் கார்ட்டூன்களே வந்து குவியும்.

2. முதல்நாளே முழுதும் பார்த்துவிடுங்கள். நல்லதங்காள் கதையில் தாய் தன் 7 பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் கட்டம் சின்ன வகுப்புக்கு ஆகாது.

3. காணொளிச் செயலியிலேயே பதிவிறக்கி வையுங்கள். பள்ளியில் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.

4. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். கோயில் கொடைவிழாவில் இரவெல்லாம் நீளும் வில்லுப்பாட்டை 40 நிமிடப் பாடவேளைக்குள் அடைக்க முடியாது. ஒரு கட்டம் போதும். திருப்பம் வரும் இடத்தில் நிறுத்தி, “அப்புறம் என்ன நடந்திருக்கும்?” என்று கேளுங்கள். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதுபோலப் பிள்ளைகளையும் போடச் சொல்லுங்கள். கேட்பவர் வாய் திறந்தால்தான் வாய்மொழிக் கதைக்கு உயிர்.

5. அதே கதையை வீட்டில் ஆச்சி, தாத்தாவிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். முடிவு வேறாக இருந்தால் தவறென்று ஒதுக்காதீர்கள். ஊருக்கு ஊர் மாறுவது இக்கதைகளின் இயல்பு. இந்தப் படியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

6. பெரியவர்கள் சொல்வதைக் கைபேசியில் பதியலாம். அவர்கள் சம்மதிக்காமல் இணையத்தில் ஏற்ற வேண்டாம். குரலும் கதையும் அவர்களுடையவை.