வெள்ளம் வடிந்த வீட்டிற்கு நோயாளியை எப்போது அழைத்துச் செல்லலாம்?

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரைபுரண்டு, கடலூர் மாவட்டத்தின் ஆற்றோர ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அண்ணாகிராமம் வட்டாரத்தில் வாழும் நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் இத்தகைய அச்சத்தோடுதான் வருகின்றன.

நீர் வடிந்ததும் வீடு திரும்பும் ஆவல் இயல்பே. ஆயினும் ஆஸ்துமா நோயாளிகள், புற்றுநோய் மருந்து பெறுவோர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர், பச்சிளங்குழந்தைகள் ஆகியோரை ஈரம் உலராத வீட்டில் தங்கவைத்தல் தீங்காகும். தரை காய்ந்தாலும் சுவர் காய்ந்துவிடுவதில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பூஞ்சை எவ்வாறு பரவுகிறது?

நனைந்த பொருள்களில் ஓரிரு நாள்களிலேயே பூஞ்சை வளரத் தொடங்கும். அதன் நுண்வித்துகள் காற்றில் கலந்து மூச்சுக்குழலை அடைகின்றன. இருமலும் இளைப்பும் மிகுகின்றன. 2021இல் பேசப்பட்ட கரும்பூஞ்சை நோயும் சுவரில் படியும் கருநிறப் பூஞ்சையும் ஒன்றல்ல. எனினும் அந்நோய் கட்டுப்பாடற்ற நீரிழிவு உடையோரையே பெரிதும் தாக்கியது. ஆகவே நீரிழிவு நோயாளிகள் இக்காலத்தில் சர்க்கரை அளவைத் தவறாது பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

தூய்மை செய்யும் முறை

1. மண்சுவர் வீடுகள் நீர் வடிந்து சில நாள் கழித்தும் இடிந்து விழுவதுண்டு. விரிசலையும் சாய்வையும் வெளியிலிருந்து பார்த்த பின்னரே உள்ளே செல்லுங்கள்.

2. நனைந்த மின்பலகையைத் தொடாதீர்கள். மின்பணியாளர் சோதித்த பின்னரே மின்சாரத்தைப் பயன்படுத்துங்கள்.

3. காலணி, கையுறை, என்-95 முகக்கவசம் அணிந்து சேற்றை அகற்றுங்கள். தரையையும் சுவரையும் முதலில் சோப்பு நீரால் கழுவுங்கள். பின்னர் 10 லிட்டர் நீரில் 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து துடையுங்கள். இதனைக் கழிப்பறை அமிலத்துடன் ஒருபோதும் கலக்காதீர்கள்; நச்சுவாயு எழும். இப்பணி நடக்கும்போது நோயாளி அங்கு இருத்தல் கூடாது.

4. பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், நுண்வித்துகள் பறக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அதன்மேல் சுண்ணாம்பு அடித்து மறைத்தால் பூஞ்சை மீண்டும் தோன்றும்.

5. வெள்ளத்தில் ஊறிய பஞ்சு மெத்தை, தலையணைகளைக் கைவிடுங்கள். பூஞ்சை பிடித்த அரிசி, வேர்க்கடலை ஆகியவற்றைக் கழுவி உண்ணாதீர்கள். அவற்றில் உண்டாகும் நச்சு சமைத்தாலும் முழுதாக அழியாது. மாட்டிற்கும் இடாதீர்கள், அந்நச்சு பாலில் கலக்கும்.

6. வெள்ளநீர் பட்ட மாத்திரைகளையும் இன்சுலினையும் பயன்படுத்தாமல், மருத்துவமனையில் காட்டிப் புதியன பெறுங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்து அருந்துங்கள்.

சுவர் உலர்ந்ததா என அறிய

ஒரு முழ அளவுள்ள பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி அரும்பினால் சுவருக்குள் ஈரம் உள்ளது. செங்கல் சுவர் முழுதும் உலர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை சன்னல்களைத் திறந்துவையுங்கள். நோயாளியை உறவினர் இல்லத்தில் தங்கவைத்தல் நலம். வேறிடம் இல்லையெனில், நன்கு உலர்ந்த ஓர் அறையை ஒதுக்கி, கட்டிலைச் சுவரிலிருந்து விலக்கிப் போடுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வரவேண்டியவை

மூச்சுத்திணறல், இரவில் மிகும் இருமல், முகத்தில் ஒருபக்க வீக்கம் அல்லது வலி ஆகியவற்றைப் பொறுத்திருந்து பார்க்க வேண்டாம். வெள்ளநீரில் நடந்தவருக்கு நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு, மஞ்சள் காமாலை தோன்றினால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நடந்த செய்தியை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். நோயை விரைந்து கண்டறிய அது உதவும். அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்களை அழைக்கலாம்.