பார்த்தாலியின் பத்தாண்டு

விளையாட்டையே தொழிலாகக் கொண்ட ஒருவரது வாழ்வை அவர் பெற்ற பரிசுகளால் மட்டும் அளத்தல் கூடுமோ? இத்தாலி நாட்டுச் சைக்கிள் வீரர் ஜீனோ பார்த்தாலியின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

இவர் 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள், பிளாரன்சு நகரை அடுத்த சிற்றூரொன்றிற் பிறந்தார். 1935இல் சைக்கிளோட்டத்தைத் தொழிலாக மேற்கொண்டார். அடுத்த ஆண்டே, இத்தாலியைச் சுற்றி நடைபெறும் 'ஜீரோ' என்னும் பந்தயத்தில் வாகை சூடினார். அவ்வாண்டிலேயே அவர்தம் தம்பி ஜூலியோ பந்தயமொன்றில் விபத்துற்று மாண்டார். துயரால் தொழிலையே துறக்க எண்ணியவர், மனந்தேறி மீண்டு, 1937இல் ஜீரோவையும், 1938இல் பிரான்சைச் சுற்றும் 'தூர்' பந்தயத்தையும் வென்றார்.

இப்பந்தயங்களின் இயல்பை ஈண்டு அறிதல் வேண்டும். ஏறக்குறைய மூன்று வாரம், நாளுக்கொரு கட்டமாக வீரர் ஓட்டுவர். எல்லாக் கட்டங்களிலும் செலவான காலத்தைக் கூட்டுங்கால் எவர்க்குக் குறைவோ அவரே வென்றவர். ஆதலின் ஒருநாள் விரைவினும் பன்னாட் பொறுமையே இன்றியமையாதது.

நிற்க, உலகப்போர் மூண்டது. 1940 முதல் 1946 வரை தூர் நடைபெறவில்லை. வீரரின் உடல்வலி மிக்க ஆண்டுகள் வீணாயின என எண்ணத் தோன்றும். ஆயின் உண்மை வேறு. 1943இல் ஜெர்மானியப் படை இத்தாலியிற் புகுந்து யூதரை வேட்டையாடிய காலத்து, பார்த்தாலி பயிற்சிக்குச் செல்வார்போலப் பிளாரன்சிலிருந்து அசிசி முதலிய ஊர்களுக்கு நெடுந்தூரம் ஓட்டினார். வண்டியின் கைப்பிடியிலும் இருக்கையிலும் மறைந்திருந்தவை, யூதர் உயிர் பிழைத்தற்கு வேண்டிய போலி அடையாளச் சீட்டுகள். அகப்படின் உயிர்க்கே கேடு. பந்தயத்திற்கெனப் பழகிய கால்களே இப்பணிக்குக் கருவியாயின.

1948இல் மீண்டும் தூருக்கு வந்தார். ஜூலை 14ஆம் நாள், முன்னணியில் நின்ற பிரெஞ்சு வீரர் போபேக்கு 21 நிமிடங்களுக்குமேற் பின்தங்கியிருந்தார். அன்றே உரோமையிற் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் தொல்யாத்தி சுடப்பட்டார், நாடு கொந்தளித்தது. மறுநாள் ஆல்ப்ஸ் மலைக்கட்டத்தில் பார்த்தாலி முதல்வராயினார். அதனையடுத்த இரு கட்டங்களும் அவருடையனவே. இறுதி வெற்றியும் அவர்க்கே. அவ்வெற்றியே கலகத்தைத் தடுத்தது என்பாருமுளர், அது மிகையாகலாம். மக்கள் மனத்திற்குச் சிறிது ஆறுதல் அளித்தது எனல் பொருந்தும்.

தூரின் இரு வெற்றிகளுக்கிடையே பத்தாண்டு இடைவெளி வேறெவர்க்கும் அமைந்ததில்லை. போர்க்காலப் பணியை அவர் பெரிதும் வெளியிற் பேசவில்லை. அவர் 2000இல் மறைந்தார். 2013இல் எருசலேமின் யாத் வசேம் நிலையம் அப்பணிக்காக அவரைச் சிறப்பித்தது. பரிசுப் பட்டியலில் வெற்றிடமாகத் தோன்றும் ஆண்டுகளே அவர் வாழ்வின் பயன்மிக்க பகுதி என்பது இதனால் தெற்றென விளங்கும்.