“இலைதானே” என்று இருந்துவிடலாமா?



“மூலிகைதானே, சாராயமா குடிக்கிறான்?” கெத்தும் நீரைப் பற்றி நம் வீடுகளில் பலர் இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பிள்ளை மதுவைத் தொடவில்லை என்பதே நமக்குப் போதுமானதாக இருக்கிறது. அந்த நிம்மதி சரிதானா என்று இந்த இதழில் பார்ப்போம்.

கெத்தும் என்பது என்ன?

வெளிநாடுகளில் ‘கிராத்தோம்’ எனப்படும் இந்த மரம் காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களிலும் தென் தாய்லாந்திலும் வளர்கிறது. வெயிலில் உழைப்பவர்கள் களைப்புத் தெரியாமலிருக்க இதன் இலையை மெல்லுவதும் காய்ச்சிக் குடிப்பதும் பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டு மலாயாவில் அபினுக்குப் பதிலாகவும் இது பயன்பட்டது. அது ஏன் என்று நாம் யோசிக்க வேண்டும்.

உடலில் என்ன செய்கிறது?

இலையிலுள்ள மித்ராகைனின் என்ற பொருள், அபினும் மார்ஃபினும் மூளையில் எங்கே வேலை செய்கின்றனவோ அங்கேயே வேலை செய்கிறது. குறைந்த அளவில் சுறுசுறுப்பு வரும். அளவு கூடினால் மயக்கம் வரும். வலியைத் தாங்கும் சக்தி கூடுவதை மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியுள்ளது. ஆகவே பயனே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வட மாநிலங்களில் தொடர்ந்து குடிக்கும் 293 பேரை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவில், பாதிக்கு மேற்பட்டோர் கடுமையாக அடிமைப்பட்டிருந்தது தெரியவந்தது. நிறுத்தினால் உடல்வலி, தூக்கமின்மை, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், எரிச்சல் ஆகியவை வரும்.

வாந்தி, மலச்சிக்கல், பசியின்மை உண்டாகலாம். சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் வலிப்பும் வந்துள்ளன. இருமல் மருந்தையோ தூக்க மாத்திரையையோ கலந்து குடித்தால் மூச்சே அடங்கிப்போகலாம். கர்ப்பிணி குடித்தால், பிறக்கும் குழந்தையும் அந்தப் பழக்கம் விடுபடும் வேதனையை அனுபவிக்க நேரலாம்.

மார்க்கமும் சட்டமும்

திராட்சையும் பேரீச்சையும் அல்லாஹ் தந்த கனிகள். ஆனாலும் அவற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் மது ஹராம். எனவே ‘செடியிலிருந்து வந்தது’ என்பது ஒரு பதிலாகாது. அதிகம் உட்கொண்டால் போதை தருவதைக் கொஞ்சமும் உட்கொள்ளக் கூடாது என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்தது. மருத்துவத் தேவை பற்றிய ஐயங்களை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதமோ, 4 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சிங்கப்பூரில் இது ‘ஏ’ பிரிவு போதைப்பொருள். தாய்லாந்து 2021இல் தடையை நீக்கியது. ஆனால் அங்கும் 18 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் விற்கக் கூடாது.

வீட்டில் என்ன செய்வது?

தெரிந்தவுடன் அடிப்பதாலும் வீட்டைவிட்டு விரட்டுவதாலும் பழக்கம் போகாது. பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம், எதைக் கலந்து குடிக்கிறான் என்று அமைதியாகக் கேளுங்கள். அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் அலுவலகத்திலும் தாமாக முன்வந்து சிகிச்சை கேட்கலாம். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மந்தமாகிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே 999ஐ அழையுங்கள்.

ஒரு முஸ்லிமின் குறையை ஊரார் முன் மறைப்பது நன்மையான செயல். மருத்துவரிடம் மறைப்பது அப்படியல்ல. அது நம் பிள்ளைக்கு நாமே செய்யும் தீங்கு.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவையும் உடலையும் பாதுகாப்பானாக. ஆமீன்.