பார்க்காத ஜுரத்திற்கு ஒரு கணக்கு

கல்லாப்பெட்டிச் சாவியை ஒரு சிப்பந்தியை நம்பிக் கொடுத்த அனுபவம் நம் வாசகர்களில் அநேகருக்கு உண்டு. தாதிப் பயிற்சி பெறும் மாணவிகளில் சிலர் பரீட்சையிலும் நோயாளியின் படுக்கையருகிலும் ஏன் பொய்க்கணக்கு எழுதுகிறார்கள் என்ற மனோதத்துவ விஷயத்தை, அந்தக் கல்லாவின் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்கர், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறை புகுந்தவர்களைக் கண்டு பேசி, 1953-ல் ஒரு நூல் வெளியிட்டார். வெளியே சொல்ல வெட்கப்படும் ஒரு நெருக்கடி அவர்களுக்கு இருந்தது. தம் பொறுப்பிலுள்ள பணத்தால் அதை இரகசியமாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தது. "கடனாகத்தானே எடுக்கிறேன்" என்ற சமாதானமும் இருந்தது. கவனிக்க வேண்டியது என்னவெனில், அந்தச் சமாதானம் அகப்பட்ட பிறகு சொன்ன சாக்கு அல்ல. கை நீளுவதற்கு முன்பே மனத்தில் தயாராகிவிட்டது.

1957-ல் சைக்ஸ், மாட்ஸா என்ற இருவர், சிறுவர் குற்றங்களை ஆராய்ந்து இத்தகைய சமாதானங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். "யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது ஒன்று, "சிநேகிதருக்காகச் செய்தேன்" என்பது இன்னொன்று. பரீட்சையில் காப்பியடித்த மாணவர்களிடமும் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் இவற்றையே கேட்டார்கள்.

வகுப்பறையோடு போயிற்று என்று விட்டுவிடலாமா? அமெரிக்காவில் ஹில்பர்ட் என்பவர் தாதி மாணவர்களை விசாரித்து 1985-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வகுப்பில் ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டவர்கள் ஆஸ்பத்திரி வேலையிலும் தவறு செய்ததாகச் சொல்லும் போக்கு கூடுதலாகக் காணப்பட்டது. ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று இதனால் முடிவு கட்ட முடியாது. ஆனாலும் இரண்டும் கூடி நடக்கின்றன.

இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டிய ஜுரத்தை ஒரு மாணவி மறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். மணி மூன்றாகிவிட்டது. "மறந்துவிட்டேன்" என்றால் தலைமைத் தாதி பத்துப் பேர் முன்னால் ஏசுவார். பத்து மணிக்கு 37 பாகை இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து 37 என்றே எழுதிவிடுகிறாள். சோம்பலைவிட, சொல்ல முடியாத பயமே இங்கே பெரிதாக நிற்கிறது. கல்லாவில் ஐந்து வெள்ளி குறைந்ததற்கு வானம் இடிய ஏசும் முதலாளி (நம்மிலும் இருக்கிறோம்!) அடுத்த தடவை கணக்கு சரியாக இருக்கக் காண்பார், பணம் சரியாக இருக்குமா என்பது வேறு விஷயம். அவள் செய்ததற்கு இது நியாயமாகாது. ஆயினும் மாணவியை மாத்திரம் விசாரித்துவிட்டு, ஏசுகிறவரை விட்டுவிடுவது பாதி விசாரணைதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கட்டத்தை அவள் வெறுமையாக விட்டிருந்தால், அடுத்து வரும் தாதி கண்டு, உடனே ஜுரமானியை எடுத்திருப்பாள். 37 என்று எழுதியிருப்பதால் அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறாள்.