ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கும்போது

தீபாவளிக்குச் செலண்டாருக்கு வந்த பிள்ளைகள், "ரம்மி போதும் மாமா, போக்கர் ஆடலாம்" என்று கூப்பிட்டால் தாராளமாக உட்காருங்கள். பணத்தை மட்டும் எடுக்காதீர்கள்; 1953-ஆம் ஆண்டுச் சூதாட்ட விடுதிச் சட்டம் நடப்பில் உள்ள நாடு மலேசியா. ஆளுக்கு நூறு ரப்பர் கொட்டை போதும். சின்ன வயதில் தரையில் தேய்த்துக் கூட்டாளி கையில் சூடு வைத்தோமே, அதே கொட்டைதான்.

உங்கள் கையில் ஆட்டின் ஏஸும் ஏழும். நடுவில் விரித்த மூன்றில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒரு ஆட்டின் விழுந்தால் பிளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனம். இந்த இடத்தில்தான் ஆசை கணக்கை மறைக்கும். அரைக்கையை முழுக்கையாக நினைத்துப் பந்தயம் போடுவார்கள்.

முதலில் எண்ணுங்கள். ஆட்டின் மொத்தம் 13, கண்ணில் பட்டவை 4, மிச்சம் 9. பார்க்காத சீட்டுகள் 47. அதில் 38 உங்களுக்கு உதவாது. அதாவது அடுத்த சீட்டில் ஒருமுறை கிடைத்தால் நாலு முறைக்குச் சற்று அதிகமாகத் தவறும்.

அடுத்து, கேட்கிற விலையைப் பாருங்கள். நடுவில் 20 கொட்டை கிடக்க, எதிராளி 5 போடுகிறார். 5 கொடுத்து 25-க்கு ஆடுகிறீர்கள், ஒன்றுக்கு ஐந்து. தொடருங்கள். அவரே 20 போட்டால் ஒன்றுக்கு இரண்டுதான். சீட்டைக் கவிழ்த்துவிடுங்கள், ஏஸ் இருந்தாலும்.

10 போட்டால்தான் யோசனை. ஒன்றுக்கு மூன்று, கொஞ்சம் குறைகிறது. ஆனால் பிளஷ் அமைந்த பிறகு அவரிடமிருந்து இன்னும் 13 கொட்டையாவது வரும் என்று தோன்றினால் ஈடாகிவிடும். அவர் முன்னால் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது வைத்துக்கொண்டு ஏழுக்காக ஏங்குவது வேறு கதை. கட்டில் ஏழு நாலுதான். ஒருமுறைக்கு ஏறக்குறைய பதினோரு முறை தவறும். இலவசமாக வந்தால் பாருங்கள், விலை கொடுக்காதீர்கள்.

காத்திருக்கும்போதே நீங்களாகப் பந்தயத்தை ஏற்றுவதும் நல்ல உத்திதான்: எதிராளி விட்டுக்கொடுத்தாலும் வெற்றி, சீட்டு விழுந்தாலும் வெற்றி. ஆனால் அது பயந்து விலகத் தெரிந்தவரிடம்தான் பலிக்கும். கடைசிச் சீட்டுவரை பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவிடம் ஏற்றாதீர்கள்; பிளஷ் கையில் விழுந்த பிறகு ஏற்றுங்கள்.