ஓடும்போது இதயத்துடிப்பைப் பார்க்கிறீங்களா?

ஸ்மார்ட் வாட்ச் கட்டி ஓடுறீங்களா? வேகத்தைவிட இதயத்துடிப்பைக் கவனியுங்கள். 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகத் தெரியும். 40 வயதுக்கு 180. வாரத்தில் பெரும்பாலான ஓட்டங்கள் அதில் 70 சதவீதம், அதாவது 126-ஐ ஒட்டி இருந்தால் போதும். மூச்சு வாங்காமல் பேச முடியணும். புழுக்கமான நாளில் அதே வேகத்துக்கே துடிப்பு கூடும். கௌரவம் பார்க்காம வேகத்தைக் குறைச்சிடுங்க.

மெதுவா ஓடும்போதே வாட்ச் 170 காட்டுதா? சில நேரம் அது காலடிகளைத் துடிப்பாக எண்ணிவிடும். நின்று, மணிக்கட்டில் 15 விநாடி நாடியை எண்ணி 4-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

சில இரத்த அழுத்த மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது. அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவரிடம் கேளுங்கள். நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ வாட்ச்சைப் பார்க்க வேண்டாம். உடனே நின்று 108-ஐ அழையுங்கள்.